பத்தொன்பது எழுத்துகள்

என் எபி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் ஒரு அம்மா மகனுக்கு எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டிய விஷயங்கள் வேறு. கோபத்தோடு சாப்பாட்டுக்கு உட்காராதே, கிருபாவின் வீட்டாரை நம் வீட்டாரைப் போலப் பார், புனேயில் வீடு எடுக்கும்போது தண்ணீர் எப்படி வருகிறது என்று விசாரித்துவிட்டு எடு, இப்படி. அதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தை குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டாமல் உனக்கு எந்த நல்ல வார்த்தையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சர்ச் முடிந்து கிருபா முதல் தடவையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு ஒடம்புக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டாள். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கிட்னி. நான் ஒழுங்கா கவனிச்சிருந்தா இன்னும் இருந்திருப்பாரு. ரிப்போர்ட்ட வாங்கியாந்து நார்மல்னு படிச்சதே நான்தான். அதுக்கப்புறமும் எட்டு மாசம் அவர வேல வாங்கிக்கினு இருந்தேன்," என்றாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் இரண்டு பேரும் நான் அழப் போனதாக நினைத்திருப்பீர்கள். நான் அழவில்லை. ஒளிந்துகொண்டேன்.

எபி, நீ அன்று சொன்னது உண்மை இல்லை. அது உண்மை இல்லை என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். மூன்று வருடமாக உன்னை அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் என் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். "அம்மா இன்னா பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் நீ "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவாய். இருபத்தாறு வருடமாக நான் தினமும் காலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போய்ச் செய்வது ஒரே ஒரு வேலை. ரத்தப் பரிசோதனை நிலையங்களில் மேசை மேல் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும், பார்த்திருப்பாய். ரத்தத்தை அளந்து சர்க்கரை இவ்வளவு, யூரியா இவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கும். எங்கள் கம்பெனி செய்வது அதைத்தான். அதற்குள் ஓடும் புரோகிராமில் ஒரு பகுதியை C என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது நான். அளக்கிற பகுதியை எழுதியவர்கள் வேறு பெரிய ஆட்கள். எனக்குக் கொடுத்தது பெயர்கள். நோயாளியின் பெயரை வாங்கி வைப்பது, தேடுவது, காகிதத்தில் அச்சடிப்பது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் இருந்த லேபில் அந்த இயந்திரத்தை வாங்கச் சொல்லிச் சிபாரிசு செய்தவளும் நான்தான். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், "இது அம்மா செஞ்சதுடா" என்று காட்டினேன். நீ அதைத் தொட்டுப் பார்த்தாய். அவ்வளவு பெருமை எனக்கு.

C மொழியில் ஒரு பெயரை வைப்பது மற்ற மொழிகளில் வைப்பதைப் போல இல்லை. இத்தனை எழுத்துக்கு இடம் வேண்டும் என்று நாம்தான் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். பெயர் எங்கே முடிகிறது என்று காட்ட, கடைசியில் ஒரு பூஜ்யத்தையும் நாம்தான் வைக்க வேண்டும். நான் இருபது இடம் ஒதுக்கினேன். பூஜ்யத்துக்கு ஒன்று போனால் பெயருக்குப் பத்தொன்பது எழுத்து. பெயரை எடு, முன்னும் பின்னும் உள்ள காலி இடத்தை வெட்டு, பெரிய எழுத்தாக மாற்று, பத்தொன்பதுக்கு மேல் இருந்தால் நறுக்கு, பூஜ்யத்தை வை. எட்டு ஒன்பது வரிகள், அவ்வளவுதான். இதை ஒரு தடவை தனியாக எழுதிவிட்டு, வேண்டிய இடத்திலெல்லாம் அதைக் கூப்பிட்டிருக்க வேண்டும். யாரும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் பாலிடெக்னிக்கில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்தேதான் நான் அந்த வரிகளை அப்படியே காப்பி எடுத்து, அடுத்த இடத்தில் ஒட்டினேன். அப்புறம் அதற்கடுத்த இடத்தில். பெயர் வாங்கும் திரையில், சேமிக்கும் இடத்தில், அச்சில், பழைய ரிப்போர்ட்டைத் தேடும் இடத்தில். நீ சின்னப் பையன், ஜுரமாகக் கிடந்தாய், நான் ரயிலைப் பிடிக்க ஓடினேன், அதனால் அவசரத்தில் ஒட்டினேன் என்று சொன்னால் நீ நம்புவாய். அப்படி ஒன்றும் இல்லை. சாதாரண நாட்கள். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஒட்டுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து, நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன என்று லேப்காரர்கள் புகார் சொன்னார்கள். நம் ஊர்ப் பெயர்கள் உனக்குத் தெரியுமே. இருபதை முப்பத்திரண்டாக ஆக்கச் சொன்னார்கள். ஒரே இடத்தில் எழுதியிருந்தால் ஒரு எண்ணை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் புரோகிராம் முழுக்க இருபது என்ற எண்ணைத் தேடித் தேடி மாற்றினேன். நாற்பது இடம். எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாற்பத்தொன்றாவது ஒன்று இருந்தது. பெயரைச் சொல்லி ரிப்போர்ட்டைத் தேடும் இடம் அது. அங்கே மட்டும், பூஜ்யத்தை நானே மனதில் கழித்துவிட்டு, இருபது என்று எழுதாமல் பத்தொன்பது என்று எழுதியிருந்தேன். இருபதைத் தேடியவளுக்குப் பத்தொன்பது எப்படிக் கிடைக்கும்?

இனி நீ அறிந்த கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்த வருடம் உனக்கு நினைவிருக்கும். நீ பி.காம் கடைசி வருடம். அவருக்குப் பசி இல்லை, மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். ரத்தம் பார்த்துவிடலாம் என்றால் வர மாட்டேன் என்றார். தங்கச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, கேஜ் என்னும் கூண்டில் ஆயிரக்கணக்கான அடி இறங்கிய மனிதருக்கு ஊசி என்றால் பயம். கடைசியில் உன் பெரியப்பாதான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். ஊசியைப் பார்த்ததும் அப்பாவின் நெற்றியில் வேர்த்துவிட்டது. பெரியப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். "எனக்கு மொதல்ல எடும்மா. நானும் குடுக்கறேன். பாருடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான். இதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்பிடி நடுங்கற?" என்றார். அந்தப் பெண் அவருக்கு முதலில் எடுத்தாள். அப்புறம் அப்பாவுக்கு எடுத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆதார் அட்டையைப் பார்த்து அந்தப் பெண் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். பெரியப்பா, தேவசகாயம் அற்புதநாதன். அப்பா, தேவசகாயம் அற்புதராஜ். உன் தாத்தா பெயர் முன்னால், பிள்ளைகள் பெயர் பின்னால்.

சாயந்திரம் நீ போய் இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கி வந்தாய். நின்றபடியே படித்தாய். "அப்பா, எல்லாம் நார்மல். யூரியா நார்மல், கிரியாட்டினின் நார்மல். சும்மா சோம்பேறித்தனம்தான் உங்களுக்கு." அப்பா முகத்தில் எப்படி ஒரு சிரிப்பு வந்தது என்று உனக்குத் தெரியும். பெரியப்பா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "டேய், இத பாருங்கடா! ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு! புள்ளி கூட மாறல! ஒரே ரத்தம்டா, மிஷினுக்கே தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினார். அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார். நீ சிரித்தாய். நான் காப்பி டம்ளர்களோடு வந்து குனிந்து பார்த்தேன். ஆறு வரிகள், ஆறும் ஒன்று. நானும் சிரித்தேன்.

அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். அந்தக் காகிதம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்த ஆள் ஒருத்திதான். இரண்டு மனிதர்களின் ரத்தம் ஆறு வரியிலும் புள்ளி மாறாமல் ஒன்றாக இருக்காது என்று அந்த ஒருத்திக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள், "அண்ணன் தம்பின்னா இப்பிடியில்ல இருக்கணும்," என்று சொல்லிக் காப்பி கொடுத்தாள். எபி, உனக்கு நான் கொடுக்கும் புத்திமதி ஒன்று உண்டென்றால் இதுதான்: எல்லாரும் சிரிக்கும்படி ஒரு விஷயம் அழகாகப் பொருந்தி வந்தால், ஒரு நிமிடம் சிரிக்காமல் பார். இது யாருக்கும் உதவிய புத்திமதி இல்லை. எனக்கு இது தெரிந்தபோது அப்பா இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறாய். வாயுக் கோளாறு என்று மாத்திரை சாப்பிட்டார். தெருமுனையில் தண்ணீர் டேங்கர் வரும்போது, "நார்மல் மனுஷன்தானே, ரெண்டு கொடம் தூக்குங்கப்பா," என்று நீ கேலி செய்வாய். அவரும் தூக்குவார். எட்டு மாதம் கழித்து மூச்சு வாங்கி, முகம் வீங்கி, கோலார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அந்த டாக்டர், "இவ்ளோ நாள் இன்னா பண்ணிங்க?" என்று கேட்டார். நீ அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நல்லா இருந்திருக்கும். அப்புறம் கெட்டிருக்கும். நீங்க ரெண்டு மாசத்துல திரும்ப எடுத்திருக்கணும் தம்பி," என்றார். அந்த 'தம்பி'யில் நீ மாட்டிக்கொண்டாய். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், ஒரு வருடமும் சில மாதமும். ஒவ்வொரு தடவையும் நீதான் கூடப் போனாய். எம்.காம் சேரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன டாக்டர் மேல் தப்பு இல்லை. அவர் கையில் இருந்த காகிதத்தை அவர் நம்பினார்.

அப்பா போன பிறகு நான் வேலைக்குத் திரும்பியபோது, கம்பெனியில் இயந்திரத்தின் புது மாடல் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பழைய புரோகிராமைச் சுத்தம் செய்து புது மாடலில் போட வேண்டும். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், பேர் சம்பந்தப்பட்ட கோட் எல்லாம் ஒரே மாதிரி நாப்பது எடத்துல இருக்கு. எல்லாத்தையும் ஒரே ஃபங்ஷனா பண்ணிடுங்க," என்றார். எனக்கு அது மருந்தாக இருந்தது என்று சொன்னால் நீ என்ன நினைப்பாயோ. ஒரே ஒரு ஃபங்ஷன், அதாவது எங்கிருந்தும் கூப்பிட்டுக்கொள்ளக்கூடிய ஒரே பகுதி, எழுதினேன். இந்தத் தடவை ஒழுங்காக எழுதினேன். எத்தனை இடம் இருக்கிறது என்று அதையே கேட்டுக்கொள்ளும், ஒரு இடம் தாண்டாது, பூஜ்யத்தை மறக்காது. அப்புறம் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பழைய எட்டு வரிகளை அழித்து, அந்த இடத்தில் ஒரு வரி வைத்தேன். ஒட்டிய பிரதிகள் ஒன்று போல ஒன்று இல்லை. சிலவற்றில் காலி இடத்தை வெட்ட மறந்திருந்தேன். ஒன்றில் கடைசிப் பூஜ்யமே இல்லை. இத்தனை வருடம் அது விழாமல் நின்றது தற்செயல். அழிக்க அழிக்க எனக்கு மூச்சு லேசானது. காலை ரயிலில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்தக் கோப்பு என்று யோசித்துக்கொண்டு போவேன். அப்பா போன பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஐந்து வாரம்தான்.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், தேடும் பகுதியைத் திறந்தேன். அங்கே பத்தொன்பது என்று இருந்தது. முதலில் எரிச்சல்தான் வந்தது, இதை விட்டுவிட்டேனே என்று. பத்தொன்பது எழுத்து வரைக்கும் ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள் வந்தால், இந்த இடம் முதலில் வந்த ஆளை எடுத்துக் கொடுத்துவிடுமே என்று நினைத்தேன். யாருக்கு அப்படிப் பெயர் இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்புறம் என் விரல் தானாக மேசை மேல் எண்ண ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் எழுதினால் உன் தாத்தா பெயருக்குப் பதினொன்று. ஒரு இடைவெளி. 'அற்புத' என்பதற்கு ஏழு. மொத்தம் பத்தொன்பது. இருபதாவது எழுத்தில்தான் ஒருவர் ராஜ் ஆகிறார், ஒருவர் நாதன் ஆகிறார்.

பழைய இயந்திரம் ஒன்று எங்கள் மேசையிலேயே இருந்தது. பெரியப்பாவின் பெயரைப் போட்டு நல்ல எண்களைக் கொடுத்தேன். அப்பாவின் பெயரைப் போட்டு, டயாலிசிஸ் தொடங்கிய நாளில் அவருக்கு இருந்த எண்களைக் கொடுத்தேன். லேபில் சாயந்திரம் அந்தப் பெண் செய்வது போல, அப்பாவின் பெயரைத் தட்டி, அச்சிடு என்றேன். காகிதம் வந்தது. மேலே அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது, ஏனென்றால் தலைப்பில் தட்டிய பெயரை அப்படியே போடும்படி நான்தான் முப்பத்திரண்டாக மாற்றியிருந்தேன். கீழே அண்ணனின் எண்கள். அன்றைக்குப் பெரியப்பா இரண்டாவதாக உட்கார்ந்திருந்தால், அவருக்கு வியாதி என்று வந்திருக்கும், இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். தம்பிக்குத் தைரியம் வரட்டும் என்று அவர் முதலில் உட்கார்ந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். மேலாளரிடம் போய், "சார், தேடற எடத்துல ஒரு தப்பு இருக்கு. ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போக வாய்ப்பு இருக்கு," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஃபீல்டுலேருந்து, லேப்காரங்ககிட்டேருந்து, கம்ப்ளெயின்ட் ஏதாவது வந்திருக்கா மேடம்?" என்று கேட்டார். என் கணவர் என்று சொல்ல வேண்டிய இடம் அது. "இல்ல சார்," என்றேன். "அப்ப புது மாடல்ல சரி பண்ணிடுங்க. பழைய மாடலுக்கு, பேஷன்ட் நம்பர் போட்டுத் தேடணும்னு மேனுவல்ல ஏற்கனவே இருக்கு." அத்தோடு முடிந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரி நானே எழுதினேன்: பெயர் தேடல் மேம்படுத்தப்பட்டது.

பழைய இயந்திரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாரிடமும் சரியான கணக்கு இல்லை. ராபர்ட்சன்பேட்டை லேபுக்கு அந்த வாரமே போனேன். அது இப்போது மொபைல் கடை. லேப்காரர் இயந்திரத்தை யாருக்கோ விற்றுவிட்டுத் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டாராம். அதிலிருந்து நான் போகும் ஊரில் எல்லாம் லேபைப் பார்த்தால் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். பேத்தமங்களாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு லேபில் எங்கள் பழைய மாடலைப் பார்த்தேன். பேர் போட்டுத் தேடாதீர்கள், நம்பர் போட்டுத் தேடுங்கள் என்று சொன்னேன். அங்கே இருந்தவர், "நல்லாதான் ஓடுதும்மா. பத்து வருசமா ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. நீங்க டெஸ்ட் எடுக்கணும்னா உக்காருங்க, இல்லன்னா போங்க," என்றார். எழுதி ஒட்டி வைக்கச் சொன்னேன். சரி என்றார். ஒட்டியிருக்க மாட்டார். நாற்பத்தொரு இடத்தையும் நான் சுத்தமாகத் துடைத்துவிட்டேன் எபி. எங்கள் கம்பெனியில் இப்போது அதைவிட ஒழுங்கான கோட் கிடையாது. அதில் ஒரு வரிகூட அப்பா பக்கம் திரும்பிப் போகாது.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை? ஆரம்பத்தில், நீ புனே வேலையில் சேர்ந்த புதிது, நிலைகொள்ளட்டும் என்று நினைத்தேன். அது பொய். நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். நீ உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு என்மேல் பிரியமாக இருந்தாய். அந்தப் பிரியத்தை இழக்க எனக்கு மனசு வரவில்லை. நீ போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். "சாப்ட்டேன்" என்பேன்.

முந்தாநாள் பெரியப்பாவிடம் சொன்னேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அதுவும் தப்பாகிவிட்டது. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்தார். உள்ளே போய்த் தன் ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். இத்தனை வருடமாகப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார், தம்பியோடு சேர்ந்து வாங்கிய காகிதம் என்று. அந்த வகைக் காகிதத்தில் மை நிற்காது. முழுக்க வெளுத்துப்போய் வெறும் தாளாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு மொதல்ல எடுங்கன்னு சொன்னது நானுதானே," என்றார்.

"மாமா, அது தப்பு இல்ல. தப்பு நான் எழுதினது."

"நீ எங்கியோ பெங்களூர்ல உக்காந்து எழுதின. நான் அவன் முன்னாடியே உக்காந்தேன்மா." காகிதத்தை மடித்துக்கொண்டே, "ஒரே ரத்தம்னு வேற சொன்னேன்," என்றார். நேற்று பார்க்கப் போனேன். சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

இதனால்தான் உனக்கு இந்தக் கடிதம் நிம்மதி தரும் என்று நான் சொல்லவில்லை. உன் தலையிலிருந்து இறக்கியது காற்றில் போய்விடாது. முந்தாநாள் அது எழுபது வயது மனிதர் தலையில் போய் உட்கார்ந்தது, நான் பார்த்தேன். நீ இனி, டெஸ்ட்டைத் திரும்ப எடுத்திருக்கலாமே என்று நினைப்பதற்குப் பதிலாக, உன் அம்மாவைப் பற்றி நினைப்பாய். எது லேசு என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சரியாக இருக்கட்டும்: நீ படித்தது நார்மல் என்றுதான் இருந்தது. நீ சரியாகப் படித்தாய். அப்பாவும் குடம் தூக்கும்போது உன் வார்த்தையை நம்பித் தூக்கவில்லை, அந்தக் காகிதத்தை நம்பித் தூக்கினார். அதை இருபத்தொரு வயதுப் பையன் சந்தேகப்பட்டிருக்க முடியாது. சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் பக்கத்தில் நின்றாள்.

முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் அப்பாவுக்கு எத்தனை வருடம் கிடைத்திருக்கும் என்று ஒரு டாக்டரிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். சாப்பாட்டிலும் மருந்திலும் சில வருடம் தள்ளியிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அந்தச் 'சொல்ல முடியாது' என்பதை நான் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். அது கையில் நிற்கவில்லை.

கிருபா இதைப் படிக்கட்டும். மறைக்காதே. நீ வீட்டில் ஒரு தப்புச் செய்தால், அது சின்னதாக இருக்கும்போதே, அதே நாளில் அவளிடம் சொல். நான் முதல் நாளே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்மேல் கத்தியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். இப்போது மூன்று வருடம் சேர்ந்துவிட்டது. இதற்கு நீ எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும் நான் கணக்குக் கேட்க மாட்டேன்.

கல்யாணத்தன்று சர்ச்சில் உன் பக்கம் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பதாகப் பேசியிருக்கிறோம். புடவை கூட எடுத்தாயிற்று. நீ வேண்டாம் என்றால் பின்னால் எங்காவது உட்கார்ந்து பார்க்கிறேன், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் வலி என்று நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, எபி. நீ என்னிடம் பேசுவதற்கு முன்னால் பெரியப்பாவிடம் பேசு. நேற்று நான் கிளம்பும்போது அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது தெரிஞ்சா எபி என்னை மொதல்ல மாதிரியே பெரியப்பான்னு கூப்பிடுவானாம்மா?" உன் கல்யாணத்துக்கென்று அவர் பேத்தமங்களாவில் தைக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்கி வரப் போகவில்லை.

உன்
அம்மா